ரிலே ‘டிக்’ என்கிறது, ஃபேன் சுற்றவில்லை: எங்கே தேடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 1.8 பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கிறார். பெல்ட்டில் ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு, பழைய மாருதி 800-இன் எலக்ட்ரிக் ஃபேனை மாட்டியிருக்கிறார். ரேடியேட்டரின் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, ஒரு அலுமினியக் குழாய்த் துண்டைச் செருகி, அதில் ஒற்றை முனை தெர்மோ ஸ்விட்ச் (தண்ணீர் சூடானால் தானாக மூடும் ஸ்விட்ச்) வைத்திருக்கிறார். அதை ஒட்டி ஒரு நாலு பின் ரிலே, அதாவது சின்னக் கரண்டில் இயங்கி பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். பிரச்சினை என்னவென்றால், பல நேரம் ரிலே ‘டிக்’ என்று இழுக்கிறது, ஃபேன் சுற்றுவதில்லை. ரிலேயை விரலால் தட்டினால் சுற்றுகிறது. ரிலேயை இரண்டு தடவை மாற்றியும் கதை அதேதான். ரிலே உட்காரும் பேஸ் ஒரு பக்கம் பழுப்பேறிவிட்டது. ஏற்காடு ஏறும்போது ஃபேன் ஓடியும் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போகிறது. கடைசியில் போகிற போக்கில் ஒன்று சேர்த்திருந்தார்: “ஃபேன் ஓடும்போது சாவியை ஆஃப் பண்ணினால் எஞ்சின் உடனே நிற்பதில்லை, ஒரு நொடி ஓடிவிட்டுத்தான் நிற்கிறது. இது வேற பிரச்சினைன்னு நினைக்கிறேன் அண்ணே.”

வேற பிரச்சினை இல்லை தம்பி. நீங்கள் எழுதியதிலேயே எனக்கு அதிகம் உதவிய வரி அதுதான்.

ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார். கரண்ட் கொடுத்தால் சுற்றும். கரண்டை நிறுத்திய பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும் வரை அதுவே ஒரு டைனமோவாக மாறி வோல்ட்டேஜ் தரும். அந்த வோல்ட்டேஜ் ரிலேயின் மூடிய கான்டாக்ட் வழியாகத் திரும்பிப் போகிறது. ரிலேக்கு வரும் கரண்ட் நேராக பேட்டரியிலிருந்து வந்திருந்தால் அது பேட்டரியோடு போய்விடும், எஞ்சினுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இக்னிஷன் ஸ்விட்ச்சைத் தாண்டி வரும் லைனிலிருந்து அதை எடுத்திருந்தால், சாவியை அணைத்த பிறகும் சுற்றுகிற ஃபேன் அந்த லைன் முழுவதற்கும் வோல்ட்டேஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். இக்னிஷன் காயிலும் அதே லைனில்தான் இருக்கிறது. அதனால் பிளக்கில் தீப்பொறி தொடர்கிறது, எஞ்சின் ஒரு நொடி கூடுதலாக ஓடுகிறது. ரிலேயின் காயிலும் அதே லைனில் இருப்பதால் ரிலேயும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபேன் வேகம் குறைந்ததும் எல்லாம் ஒன்றாக நிற்கும்.

ஆக, உங்கள் எலக்ட்ரீஷியன் ஃபேனுக்கான பவரை பேட்டரியிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் கிடைத்த ஃபியூஸ் பாக்ஸில், சாவி போட்டால் வரும் ஒயரில் ஜாயிண்ட் அடித்திருக்கிறார். பானெட்டைத் திறந்து ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு (ஃபேனுக்கான பவர் உள்ளே வரும் பின்) வரும் ஒயரைக் கையால் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கப்படி வந்த பழைய ஒயரிங்கில் பிரவுன் என்றால் பேட்டரி நேரடி, வெள்ளை என்றால் இக்னிஷன், பச்சை என்றால் ஃபியூஸ் தாண்டிய இக்னிஷன், கறுப்பு எர்த். உங்கள் ஒயர் பச்சையிலோ வெள்ளையிலோ போய் முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ, நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சாவியை ஆஃப் செய்துவிட்டு, ஃபேன் முழுசாக நின்ற பிறகு, 30-இல் மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் நேரடி. பூஜ்யம் காட்டினால் நான் சொன்னது சரி.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குள் போய், இக்னிஷன் ஸ்விட்ச்சில் நுழைந்து, ஃபியூஸ் பாக்ஸுக்கு வந்து, மறுபடி முன்னால் ரிலேக்கு ஓடும் இந்தப் பாதை ஐந்து மீட்டருக்குக் குறையாது. அது ஒரு 1 சதுர மில்லிமீட்டர் (ச.மி.மீ.) ஒயர் என்றால் ஐந்து மீட்டரில் 0.086 ஓம். ஃபேன் 10 ஆம்பியர் இழுத்தால் ஒயரில் மட்டுமே 0.86 வோல்ட் போய்விடும். இக்னிஷன் ஸ்விட்ச்சின் தேய்ந்த கான்டாக்ட், பச்சை பிடித்த ஃபியூஸ் கிளிப் இரண்டையும் சேர்த்தால் 2 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ‘35 தாங்குமே’ என்று ஜாயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. அந்த 35 உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 தான். இதெல்லாம் போக, இக்னிஷன் ஸ்விட்ச் தாங்காமல் கருகினால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஃபேன் வேலை செய்யாமல் போவதைவிட அது மோசம்.

இப்போது ரிலேக்கு வருவோம். ரிலே என்பது ஒரே டப்பாவுக்குள் இரண்டு தனித்தனி சர்க்யூட். 85, 86 என்ற பின்கள் காயிலுக்கு, அதாவது கான்டாக்ட்டை இழுக்கும் காந்தச் சுருளுக்கு. 30, 87 என்ற பின்கள் கான்டாக்ட்டுக்கு. காயில் வழியாக ஓடுவது ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர். கான்டாக்ட் வழியாக ஓடுவது 10 ஆம்பியர். ‘டிக்’ என்று கேட்டால் காயில் பக்கம் சரியாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கான்டாக்ட் பக்கத்தைப் பற்றி அந்தச் சத்தம் ஒன்றுமே சொல்லாது. ஆனால் பத்துக்கு எட்டுப் பேர் ‘ரிலே இழுக்குது, அப்போ ஒயரிங் சரி, மோட்டார்தான் போச்சு’ என்று முடிவு கட்டி, புது மோட்டார் வாங்கப் போய்விடுகிறார்கள்.

சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு நிமிட வேலை போதும். ரிலேயைப் பிடுங்குங்கள். பேஸில் 30-க்கும் 87-க்கும் இடையில் ஒரு ஒயர்த் துண்டைச் செருகுங்கள்; கொஞ்சம் தடிமனான ஒயராக, நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்ததாக இருக்கட்டும். சாவி ஆனில் இருக்க வேண்டும், கையும் துணியும் பிளேடுக்குத் தள்ளி இருக்க வேண்டும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் மோட்டார், அதன் எர்த், வரும் பவர் மூன்றும் ஓரளவு சரி. குற்றவாளி ரிலே, பேஸ் அல்லது காயில் பக்கம். சுற்றவில்லை என்றாலோ சோம்பலாகச் சுற்றினாலோ ரிலேயை மறந்துவிடுங்கள். பவர் வரும் ஒயரிலோ எர்த்திலோ மோட்டாரிலோ தேடுங்கள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஒயரைச் செருகும்போது பேஸை அசைத்திருப்பீர்கள். லூஸ் கான்டாக்ட் என்றால் அந்த அசைவிலேயே தற்காலிகமாகச் சரியாகி உங்களை ஏமாற்றும். தட்டினால் சுற்றுகிறது என்று நீங்கள் சொல்வதும் இதே வகைதான்.

மீட்டரும் ஏமாற்றும். ஃபேனின் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்கை) கழற்றி, ஒயர் முனையில் மீட்டர் வைத்து, ‘12 வோல்ட் வருதே’ என்பார்கள். கரண்ட் ஓடாதபோது, ஒயரில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். 10 ஆம்பியர் கேட்டால்தான் அந்த ஒரு இழையின் லட்சணம் தெரியும். எல்ஈடி வைத்த டெஸ்டரும் இந்த விஷயத்தில் மீட்டர் மாதிரிதான். இதற்கு நான் பயன்படுத்துவது ஒரு ஹெச்-4 ஹெட்லைட் பல்பு. 60/55 வாட் பல்பில் இருக்கும் இரண்டு இழைகளில் ஒன்று எரியாமல் போய்விட்டால் தூக்கி எறிந்துவிடுகிறோம். இந்த வேலைக்கு இரண்டும் எரிகிற பல்பு வேண்டும். பின்னால் உள்ள மூன்று முனைகளில் பொதுவான எர்த் முனையை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மொத்தம் 115 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிட்டத்தட்ட உங்கள் ஃபேன் இழுக்கிற அளவு. இந்தப் பல்பை ஃபேனின் கப்ளரில் மாட்டுங்கள். கண் கூசுகிற மாதிரி எரிந்தால் ஒயரிங் சரி, மோட்டார்தான் பிரச்சினை. மஞ்சளாக அழுது வடிந்தால் ஒயரிங்கில் ஓட்டை. பல்பைச் சில நொடிகளுக்கு மேல் எரிய விடாதீர்கள், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள், அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் தொடாதீர்கள்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வோல்ட்டேஜ் டிராப் அளவெடுப்பதுதான் சரியான வழி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேனை ஓட விட்டு, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைக்கவும். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டில், அதாவது கிளாம்ப்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே. கறுப்பு முனையைக் கப்ளரின் பின்பக்கமாக ஒரு குண்டூசி செருகி, ஃபேனுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில். மீட்டர் இப்போது காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால், கறுப்பு முனையைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள்: 87, 30, ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் பட்டென்று குறைகிறதோ, அங்கேதான் நோய். 30-க்கும் 87-க்கும் நடுவே மட்டும் அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அடுத்து எர்த் பக்கம்: ஃபேனின் நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் இடையே 0.2-க்குள். எர்த்தை அளக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ரேடியேட்டர் சட்டத்தில் பெயிண்ட் மேலேயே ஒரு ஸ்க்ரூவைப் போட்டு எர்த் எடுத்திருப்பார்கள். மழைக்காலம் ஒன்று தாண்டினால் அடியில் துரு ஏறிவிடும்.

உங்கள் பேஸ் பழுப்பேறியிருப்பது தனி விஷயம். பின்னுக்கும் அதைப் பிடிக்கும் டெர்மினலுக்கும் இடையே 0.1 ஓம் கூடிவிட்டால் போதும், 10 ஆம்பியரில் அந்த ஒரு இடத்தில் 10 வாட் சூடு உண்டாகும். ஒரு சின்ன சோல்டரிங் அயர்னை பேஸுக்குள் செருகி வைத்த மாதிரி. அந்தச் சூட்டில் டெர்மினலின் ஸ்பிரிங் தன்மை போய்விடும், பிடி இன்னும் தளரும், இன்னும் சூடாகும். நீங்கள் புது ரிலே மாட்டுகிறீர்கள், ஆனால் பழைய தளர்ந்த டெர்மினலில். கொஞ்ச நாளில் புது ரிலேயின் பின்னும் நீலமாகக் கருத்துவிடும், ‘இந்த ரிலேவும் டூப்ளிகேட்’ என்று மூன்றாவது வாங்குவீர்கள். மாற்ற வேண்டியது பேஸை. ரிலே அநேகமாக நன்றாகத்தான் இருக்கும்.

கழற்றிய ரிலேக்களை வீசாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 30, 87 பின்களில் எது நிறம் மாறியிருக்கிறது? ஒன்று மட்டும் என்றால் பேஸில் அந்த ஒரு டெர்மினல்தான் லூஸ். இரண்டும் ஒரே மாதிரி கருத்திருந்தால் உள்ளே கான்டாக்ட்டும் சூடாகியிருக்கிறது. அப்போது மோட்டார் இழுக்கும் கரண்டைச் சந்தேகப்பட வேண்டும். பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள் (பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு). லேசாகச் சுற்றி, தானாகவே கொஞ்சம் ஓடி நிற்க வேண்டும். கரகரவென்று இழுத்தால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த மோட்டார் என்றால் இது சகஜம்.

சரி, இப்போது ஒயரிங்கை எப்படிப் போட வேண்டும் என்று சொல்கிறேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயர், 4 ச.மி.மீ., பல இழை கொண்ட ஆட்டோ ஒயர். வீட்டு ஒயரிங்குக்கான தடித்த இழை ஒயரை வாங்காதீர்கள். எஞ்சின் அதிர்வில், டெர்மினலை ஒயரோடு நசுக்கிப் பிடித்த கிரிம்ப் பக்கத்தில் முறிந்துவிடும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், மஞ்சள் நிறம். ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபேனை அல்ல, ஒயரை. அதனால் அது ஒயரின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். ரிலே பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவில் ஒயர் பாடியில் உரசினால் தீதான். ஃபியூஸிலிருந்து 30-க்கு. 87-இலிருந்து அதே தடிமனில் ஃபேன் பாசிட்டிவுக்கு. ஃபேன் நெகட்டிவையும் அதே தடிமனில் எடுத்து, எஞ்சின் எர்த்திலோ பேட்டரி நெகட்டிவிலோ நேராகப் போடுங்கள். ரேடியேட்டர் சட்டம் வேண்டாம்.

காயிலுக்கு மெல்லிய ஒயர் போதும். பச்சை ஒயரிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 86-க்கு. எலக்ட்ரீஷியன் ஜாயிண்ட் அடித்த அதே இடம் இதற்குத் தாராளமாக உதவும். 85-இலிருந்து தெர்மோ ஸ்விட்ச்சுக்கு; ஸ்விட்ச் சூட்டில் எர்த் ஆகும்போது ரிலே இழுக்கும். இப்படிப் போட்டால் கான்டாக்ட் பக்கமும் இக்னிஷன் லைனும் எங்கேயும் சந்திக்காது, சாவியை அணைத்ததும் எஞ்சின் அந்த நொடியே நிற்கும். ஒயரிங் சரியானதற்கு அதுவே உங்களுக்கு அத்தாட்சி.

தெர்மோ ஸ்விட்ச்சை எர்த் பக்கம் வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. 85-இலிருந்து இன்னொரு மெல்லிய ஒயரை டேஷ்போர்டுக்கு இழுத்து, ஒரு சாதாரண ஸ்விட்ச் வழியாக எர்த் செய்தால், மலை ஏறும் முன்பே ஃபேனைக் கையால் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் அலுமினியக் குழாய் எனக்கு இடிக்கிறது. ஒற்றை முனை ஸ்விட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். ரேடியேட்டரிலேயே திருகியிருந்தால் பிரச்சினை இல்லை. உங்களுடையது இரண்டு ரப்பர் ஹோஸுக்கு நடுவே மிதக்கிற குழாய். அதற்கு எர்த் எங்கிருந்து வரும்? ‘டிக்’ கேட்கிறது என்பதால் யாரோ ஒரு எர்த் ஒயரை எங்கேயோ சுற்றியிருக்கிறார்கள். பாருங்கள், ஹோஸ் கிளிப்புக்கு அடியில் உரித்த ஒயரைச் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு, குழாயில் ஒரு சின்ன போல்ட் போட இடமிருந்தால் ஒயர் முனையில் லக் (துளையுள்ள உலோக முனை) அடித்து எர்த் செய்யுங்கள். ஸ்விட்ச்சின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தாலும் எர்த் கெடும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த ரேடியேட்டர்களிலும் இதே தொல்லை உண்டு. வேண்டாம் இந்த அவஸ்தை என்றால் இரண்டு முனை ஸ்விட்ச் வாங்கி, ஒரு முனையை ஒயரிலேயே எர்த் செய்துவிடலாம். நான் அதைத்தான் செய்வேன்.

ஸ்விட்ச் எந்தச் சூட்டில் இழுக்கிறது என்பதை அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம். மேலே 95/84 என்று பொறித்திருந்தால் 95 டிகிரியில் மூடும், 84-க்கு இறங்கியதும் திறக்கும். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் மீட்டரில் கன்டினியூட்டி சத்தம் வர வேண்டும். சேலத்தில் இந்தச் சோதனை சரியாக வரும். ஏற்காட்டில் போய்ச் செய்யாதீர்கள். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஸ்விட்ச் மேல் வீண் பழி விழும்.

ரிலே வாங்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் லாரிக்கான 24 வோல்ட் ரிலேவும் அதே அளவில், அதே பின்களோடு, அதே டப்பாவில் இருக்கும். 12 வோல்ட்டில் அது இழுக்காது. எஞ்சின் ஓடி 14 வோல்ட்டுக்கு மேல் வந்தால் சில சமயம் இழுக்கும், சில சமயம் இழுக்காது. மீட்டரில் 85-க்கும் 86-க்கும் நடுவே 70 முதல் 100 ஓம் வந்தால் 12 வோல்ட் ரிலே. 300 பக்கம் வந்தால் 24. அப்புறம் ஐந்து பின் ரிலே. நடுவில் இருக்கும் ஐந்தாவது பின் சிலவற்றில் 87ஏ, சிலவற்றில் இன்னொரு 87. 87ஏ என்பது ரிலே இழுக்காதபோது 30-உடன் சேர்ந்திருக்கும் பின். ஃபேனைத் தெரியாமல் அதில் மாட்டினால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் ஓடும், சூடானதும் நின்றுவிடும். ரிலேக்குள் டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) வைத்த வகையும் உண்டு, மேலே படம் போட்டிருக்கும். அதில் 86 பாசிட்டிவாகவும் 85 நெகட்டிவாகவும்தான் இருக்க வேண்டும். மாற்றினால் டயோடு நேரடி ஷார்ட், காயில் ஃபியூஸ் போகும். சாதாரண ரிலேயில் இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. ‘ஹார்ன் ரிலே போதும் சார்’ என்று கடையில் சொன்னால், ஆம்பியரைப் பாருங்கள். ஹார்ன் இழுப்பது இரண்டு நொடி, ஃபேன் இழுப்பது அரை மணி நேரம். 40 ஆம்பியர் என்று போட்டதை வாங்குங்கள். மாட்டும்போது பின்கள் கீழே பார்க்கட்டும், தண்ணீர் தேங்காது.

ஏசி போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தாலோ போடப் போகிறீர்கள் என்றாலோ ஒரு எச்சரிக்கை. கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு இழையை எடுத்து ரிலேயின் 86-இல் சேர்த்துவிடுவார்கள், ஏசி போட்டால் ஃபேனும் ஓட வேண்டும் என்று. தெர்மோ ஸ்விட்ச்சும் பாசிட்டிவ் பக்கத்தில் அதே 86-க்கு வந்தால், எஞ்சின் சூடாகும்போது ஸ்விட்ச்சிலிருந்து கரண்ட் பின்னால் போய்க் கம்ப்ரஸரையும் இழுத்துவிடும். ஏற்கெனவே சூடான எஞ்சினுக்கு ஏசி பாரமும் சேரும். ஏசி பட்டனைத் தொடவே இல்லை, மலையில் தானாக ஏசி ஓடுகிறது என்று வருவார்கள். இரண்டு ஒயரிலும் ஒவ்வொரு 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் 86-ஐப் பார்த்து, போட்டால் தீர்ந்தது.

புது வண்டிக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. இப்போதைய வண்டிகளில் ரிலேயின் காயிலை எர்த் செய்வது ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். 30-87 ஜம்ப்பர் சோதனை அங்கேயும் செல்லும். ஆனால் வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டும் கன்ட்ரோலர் மாட்டிய ஃபேன்களில் இந்த வித்தைகளைக் காட்டாதீர்கள். பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் ஸ்விட்ச் தலைகீழ்: சூடானால் திறக்கும். அதன் ஒயரைப் பிடுங்கினால் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். ஸ்விட்ச் கெட்டாலும் எஞ்சின் பிழைக்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கடைசியாக ஏற்காடு. ஒயரிங்கைச் சரி செய்தால் ஃபேனுக்கு முழு வோல்ட்டேஜ் கிடைக்கும், காற்று நன்றாகவே கூடும். முதலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்: ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால், முன்பக்கம் ஒரு காகிதத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் இரண்டு ஒயரும் மாறியிருக்கிறது, மாற்றிப் போடுங்கள். சமதளத்தில் 60 கிலோமீட்டருக்கு மேல் போகும்போதும் முள் ஏறினால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த வேகத்தில் வரும் காற்றே போதும்; ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள். மலையில் மட்டும் ஏறுகிறது என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஃபேன் 796 சிசி எஞ்சினுக்காகச் செய்தது. உங்களுடையது 1817 சிசி. இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறும்போது எஞ்சின் முழு பாரத்தில் இருக்கும், எதிர்க்காற்றோ கிடையாது. ரேடியேட்டர் முழுவதையும் மூடுகிற ஷ்ரவுடோடு (ஃபேனைச் சுற்றிய கூடு) பெரிய ஃபேன் ஒன்று வேண்டும். இல்லையென்றால் கழற்றி வைத்த பெல்ட் ஃபேனை மறுபடி மாட்டிவிட்டு, இந்த எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால், காற்றைத் தள்ளுகிற மாதிரி, துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். பெரிய ஃபேன் 20 ஆம்பியருக்கு மேல் இழுத்தால், ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது ஹெட்லைட்டுக்கும் சேர்த்துப் பற்றாமல் போகும். ஃபியூஸ், ஒயர் எல்லாமும் பெரிதாக வேண்டும்.

ஃபேன் எதுவானாலும் டேஷ்போர்டில் ஒரு சின்ன பல்பை வைத்து, 87-இலிருந்து ஒரு மெல்லிய ஒயரை 1 ஆம்பியர் ஃபியூஸோடு அதற்குக் கொடுங்கள். ஃபேனுக்கு பவர் போகும்போது எரியும். ஃபேனின் எர்த் அறுந்திருந்தாலும் அது எரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பல்பு எரிகிறது, முள் இறங்கவில்லை என்றால், வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது தொடாதீர்கள்.